கணக்கப்பிள்ளை கோத்த கிளிகள்

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உண்டு என்று எழுதிவிட்டேன். இருந்தது என்றுதான் எழுத வேண்டும். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நல்ல நேரத்துக்கு விளக்கேற்றி, பொங்கலை இறக்கி வைத்துவிட்டு, அந்த வருஷம் ஆசைக்காக என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் விளக்கின் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு அந்த வேலையில் ஒரு துளியாவது தொடங்கிவிட வேண்டும். வயிற்றுக்காகச் செய்வது இதில் சேராது. தேயிலைக் கொழுந்து நிறுப்பதும் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுவதும் உலை வைப்பதும் வருஷம் முழுக்க இருக்கத்தான் இருக்கின்றன. இது மனசுக்காக. தொடங்கியவர் கையாலேயே அது முடியவும் வேண்டும். அடுத்தவர் தொடங்கியதில் கை வைக்கலாகாது. என் கணவரின் குடும்பம் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறியபோது சட்டிபானையோடு இதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், இதென்ன கூத்து என்றுதான் எனக்குத் தோன்றியது.

இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளையாக இருந்தார். ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த காலம் அது. தூரத்தில் வெடி வைத்தால் எங்கள் அடுப்பங்கரைப் பாத்திரங்கள் கிடுகிடுக்கும். வீட்டில் மூன்றே பேர்: அவர், நான், அவருடைய தங்கை. எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. நாத்தனார் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, சின்ன வயசிலேயே அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள்.

என் கணவர் சரியான ஆரம்பசூரர். ஒரு வருஷம் புல்லாங்குழல் செய்கிறேன் என்று மூங்கிலில் துளை போட்டார். ஊதினால் காற்றுதான் வந்தது. இன்னொரு வருஷம் பழைய காப்பி மரக் கிளையில் கைத்தடி. பிடியில் யாளி முகம் செதுக்கப்போவதாக விளக்கின் முன்னால் பெரிதாகச் சொன்னார். செதுக்கச் செதுக்க அது பூனையாகி, காதும் போய், பரணுக்கு ஏறியது. நானோ சொன்னதை முடித்துவிடுவேன். வண்ண நூலில் தலையணை உறை, துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வை என்று எதையாவது முடித்துக் காட்டி, அவரைச் சீண்டுவதில் எனக்குத் தனிச் சுகம். "பரணு தாங்குமாங்க, இல்ல இந்த வருஷம் புதுசா ஒண்ணு கட்டணுமா?" என்று கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவார்.

இதெல்லாம் நடக்கும்போது நாத்தனார் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். தாலியறுத்தவள் நல்ல நேரத்தில் விளக்கின் முன்னால் வரக்கூடாது, எதையும் தொடங்கக்கூடாது. யாரும் அவளைப் போ என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே போய்விடுவாள். கதவிடுக்கில் அவள் சேலை தெரியும். நாங்கள் சொல்வதை ஒன்றுவிடாமல் கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு மாதக்கணக்கில், "அண்ணி, இலைக்கு அந்தப் பச்சை எடுபடாது, வேற பாருங்க" என்று யோசனை சொல்வாள். அவள் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். அவள் மேல் அல்ல.

ஒரு வருஷம் சித்திரைக்கு முன்னால், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு செய்யணும்னு ஆசையா இருக்கு அண்ணி. பாசிமணியில தோரணம். ரெண்டு கிளி, ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு."

மற்ற நாளில் சும்மா உட்கார்ந்து கோத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரையில் தொடங்கியதுதான் அவளுக்கு வேலை. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. அவள் கேட்டது பாசிமணியை அல்ல. எங்களைப்போல அவளுக்கும் ஒரு வருஷம் வேண்டும் என்றுதான் கேட்டாள். அது எனக்குப் புரிந்தது.

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு தங்கையைக் கூப்பிட்டார்.

"நல்ல நேரத்துல மொத மணிய நான் கோத்துடுறேன். பேரு என்னோடது. மீதியெல்லாம் நீ பாத்துக்க. சாமிக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கு எதுக்கு?"

"வழக்கத்துக்கு ஆகாதே அண்ணே?"

"நான் எந்த வருஷம் ஒழுங்கா முடிச்சேன்? வழக்கம் என்னை எப்பவோ கைகழுவிருச்சு."

பதுளைக் கடைவீதியில் வளையலும் மணியும் விற்கும் முஸ்லிம் கடைக்கார நானாவிடம் போய்ப் பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்தார். "என்ன கணக்கப்பிள்ள, வீட்டுல கல்யாணமா?" என்று நானா கேட்டாராம். சித்திரை அன்று விளக்கின் முன்னால் கனைத்துக்கொண்டு, "இந்த வருஷம் கிளித் தோரணம் கோக்கப்போறேன்" என்றார். ஊசிக் காதில் நூலை நுழைக்க அவருக்கு வியர்த்துவிட்டது. ஒரு பச்சை மணி. அவ்வளவுதான். கதவிடுக்கில் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அந்த வீட்டில் அதுவரை பார்த்ததில்லை.

அதன் பிறகு வேலையெல்லாம் ஓய்ந்த மத்தியானங்களில் அவள் கோத்தாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் தோரணம் அவர் மடிக்குப் போகும். என் கணவரின் பெரியப்பாதான் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி. ஒருநாள் அவர் திடுதிப்பென்று உள்ளே வந்தபோது என் கணவர் ஊசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, விரலில் குத்திக்கொண்டு, கிளியின் அலகைப் பற்றி விளக்கம் வேறு கொடுத்தார். நான் உள்ளே ஓடிப்போய் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். பெரிய கங்காணிக்கு ஒரே பூரிப்பு. "எந்தம்பி மவன் என்னமா கோக்குறான் பாருங்கடா, பொம்பளைங்க தோத்துப்போவாளுக" என்று போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நமட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை மணி கோக்கிறாராம் என்று கொழுந்துப் பெண்கள் பாட்டே கட்டிவிட்டார்கள். அவர் அத்தனையையும் தாங்கிக்கொண்டார். எதையும் முடிக்காத மனுஷன், தங்கைக்காக இந்த ஒரு பொய்யை மட்டும் கடைசிவரை ஒழுங்காகச் செய்தார்.

நாத்தனார் ஆளே மாறிப்போனாள். விடியும்போதே அடுத்து எந்த நிறம் என்ற யோசனையோடு எழுந்திருப்பாள். முதல் கிளி முழுசாக வந்துவிட்டது. சிவந்த அலகும் கழுத்து வளையமுமாக, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் போலிருந்தது. இரண்டாவது கழுத்துவரை வந்திருந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் கொடுத்தோம். தோட்டத்து மருந்தும் கொடுத்தோம். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. தை மாதப் பனியில், ஒரு காலையில் போய்விட்டார். இதை எப்படி எழுதினாலும் இவ்வளவுதான் வருகிறது.

வாசலில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். லயத்து வரிசை வீடுகளிலிருந்த சனமெல்லாம் கூடிவிட்டது. பெரிய கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பரணில் இருப்பதையெல்லாம் இறக்கச் சொன்னார். செத்தவர் பாதியில் விட்ட வேலை வீட்டில் கிடக்கக்கூடாது, அவரோடு குழிக்குள் போய்விட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து நம்பிக்கை. புல்லாங்குழல் வந்தது. பூனைத் தலைக் கைத்தடி வந்தது.

"கிளி எங்க தாயி? அதான மொதல்ல வேணும். அது இங்க கெடந்தா எம்புள்ள மனசு இந்த வீட்டையே சுத்தும்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அதை மட்டும் விட்டுருங்க மாமா. அவ முடிக்கட்டும்" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவன் ஆரம்பிச்சதுல இவ கை வைக்கலாமா? துக்கத்துல என்ன பேசுறோம்னு தெரியாம பேசுற."

அது அவளுடையதுதான், ஒரே ஒரு மணியைத் தவிர எல்லாம் அவள் கோத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து நாத்தனார் என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வேணாம் அண்ணி. நான்தான் கோத்தேன்னு தெரிஞ்சா, தாலியறுத்தவ கை பட்டுச்சு, அதான் அண்ணன் போயிட்டாருன்னு சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அவரு என்ன நெனச்சு இதைச் செஞ்சாருன்னு எனக்குத் தெரியும்."

"அவங்க சொல்லிட்டா நானும் நம்பிருவேன் அண்ணி."

அவளே போய்த் தோரணத்தை எடுத்து வந்தாள். ஊசி தொங்கிக்கொண்டிருந்த நூலை முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பெரியப்பா கையில் கொடுத்தாள். அவர் அதை விரித்து எல்லோருக்கும் காட்டினார். "என்ன கை! என்ன கை!" என்று வாய்விட்டு அழுதார். கூட்டமும் அழுதது. என் கணவரின் மார்பின் மேல் கிளிகளைப் பரப்பி வைத்தார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. ரோட்டு முனையோடு நின்றுவிட்டோம். நான் அவருக்காக அழுதேன். அதோடு சேர்த்து அவளுக்காகவும் அழுதேன். பக்கத்தில் அவள் அண்ணனுக்காக மட்டும் அழுவதுபோல அழுதுகொண்டிருந்தாள்.

கணக்கப்பிள்ளை வீட்டைப் புதிதாக வந்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பெரிய கங்காணி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறைக்கு வந்தோம். துக்க வருஷத்தில் சித்திரை கொண்டாடவில்லை. அதற்கடுத்த சித்திரைக்கு அந்த வீட்டில் தடபுடலாக விளக்கேற்றினார்கள். முன்கட்டில் பேரன் பேத்திகள் நான் மத்தளம் செய்வேன், நான் பொம்மை தைப்பேன் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் இப்போது நாங்கள் இரண்டு பேர். அங்கே நின்று பார்த்தால் விளக்கு தெரியாது, சனங்களின் முதுகுதான் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆத்திரம் பொங்கியது.

"நாமளும் ஏதாச்சும் ஆரம்பிப்போம் புள்ள. இப்பவே. இங்கயே" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு பேர்ல அண்ணி?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நான் யாராவது ஒருவர் பேரைச் சொல்வேன் என்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.