அழித்துக் காட்டியவர்

நாகர்கோவிலில் மனு டைப் அடித்துக் கொடுப்பவர் அவர். வழுக்கைத் தலை, காதில் செருகிய பேனா. கோபத்தோடு வருகிறவர்கள் கூடப்பிறந்தவனைத் திட்டினால், அதையும் அப்படியே அடிப்பார். அவர்கள் ஆறியதும் அழித்துவிட்டுத் திரையை அவர்கள் பக்கம் திருப்புவார்: "பாத்தியளா, போச்சு!"

எங்கள் டைப்பிங் மென்பொருளின் புதுப் பதிப்பை, சோதனைக்கென்று காலையில் அவர் கம்ப்யூட்டரில் போட்டிருந்தேன். என்ன புதுசு என்று சொல்லவில்லை. மாலையில் கேட்டேன்: "அழிச்சத திருப்பி எடுக்கிற வசதி வந்தா உபயோகப்படுமா, அண்ணாச்சி?"

"அது யாருக்கு சார் வேணும்? போச்சுன்னுதானே அவிய நிம்மதியா வீட்டுக்குப் போறாவ." சற்று யோசித்தார். "எனக்க கம்ப்யூட்டர்ல அழிச்சா அழிஞ்சதுதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அன்று அவர் அழித்துக் காட்டிய வசவெல்லாம் நான் காலையில் போட்ட புதுப் பதிப்புக்குள் பத்திரமாக இருந்தது.