மூன்றாம் ரீல் முதலில் ஓடிய ஞாயிறு

டப்பா மேல் எழுதியிருப்பதை நம்பிப் படம் ஓட்டுகிறவன் ஆபரேட்டர் இல்லை, மடையன். எழுபதுகளில் ஒரு ஞாயிறு மதியம் நானும் அப்படி ஒரு மடையனாக இருந்தேன்.

எனக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம், கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய எருத்தேன்பதி. இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 16 எம்.எம். புரொஜெக்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். தொழிலாளர்களுக்கு மாதம் ஒரு படம் காட்ட வேண்டும். மூன்று மாதம் சோதனைக் காலம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு கொடுத்தார்கள். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்துவிட்டேன். வெல்பேர் ஆபீசர் மாத்தச்சன் கோட்டயத்துக்காரர். வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போதே மிரட்டினார்: "ஒரு பராதி வந்தா மதி கேட்டோ. சாவியைத் தந்துட்டு மலை இறங்கலாம்." பராதி என்றால் புகார், மதி என்றால் போதும்.

இங்கிலீஷ் படம் வந்தால் ஆபரேட்டர்தான் மைக்கில் தமிழில் கதை சொல்ல வேண்டும். அது அந்த எஸ்டேட்டின் வழக்கம். இரண்டாம் மாதம் வந்தது அமெரிக்கா மேற்கே பரவிய வரலாறு. மெட்ராஸிலிருந்து இரவல் வாங்கிய மூன்று ரீல். கூடவே தட்டச்சு செய்த தமிழ்க் குறிப்பு. முதல் ரீல், 'ஆளில்லாத வெற்று நிலம்', காட்டெருமை மந்தை. இரண்டாவது, கூண்டு வண்டிகளில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வருவதும் பழங்குடிகளோடு சண்டையும். மூன்றாவது, ரயில், வேலி, புது ஊர்கள்.

ஒவ்வொரு ரீலின் தொடக்கத்திலும் லீடர் என்று கொஞ்சம் வெற்று பிலிம் இருக்கும். அதில்தான் ரீல் எண் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் படித்த பிறகே மாட்ட வேண்டும். படம் காட்டும் எஸ்டேட் கிளப்பின் ஜன்னலுக்குச் சாக்கு கட்ட வந்தவன் பாதி வெளிச்சத்தை விட்டுவிட்டான். அவனோடு சண்டை போட்ட ஆத்திரத்தில் நான் லீடரைப் படிக்கவில்லை. டப்பாவில் 1 என்று இருந்ததை மாட்டினேன்.

மைக்கில் எருமை வரும் என்றேன். திரையில் ரயில் வந்தது.

கொழுந்து பறிக்கும் மரியபுஷ்பம் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "என்னய்யா ஆபரேட்டரு, எருமைன்னீரு, ரயிலு ஓடுது?"

"வருமுங்க, கொஞ்சம் பொறுங்க."

"கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளு. பொய்யக்கூட மரியாதையாத்தான் சொல்லுதாரு!"

கூட்டம் சிரித்தது. ரீல் முடியும்போது 'தி எண்ட்' வந்தது. முன்பு வாங்கியவன் எவனோ ஒன்றையும் மூன்றையும் டப்பா மாற்றிப் போட்டிருக்கிறான். நிறுத்திச் சொல்லியிருக்கலாம். முன் நாற்காலியில் மாத்தச்சன். சாவி ஞாபகம் வந்தது. இரண்டாம் ரீலை மாட்டி மைக்கைப் பிடித்தேன்.

"ஊரெல்லாம் கட்டிப் பாத்தாங்க, மண்ணு ஒத்துக்கலைங்க. மூட்டை கட்டிட்டுக் கெளம்பறாங்க பாருங்க. போகாதவங்களை வெரட்டறாங்க."

கடைசியில் முதல் ரீல். படத்தின் பெயர் வந்தபோது லென்ஸை உள்ளங்கையால் மறைத்தேன். பிறகு புல்வெளி, கூடாரங்கள், எருமைகள். "எல்லாரும் போயிட்டாங்க. மண்ணுக்காரங்க திரும்பி வந்துட்டாங்க. எருமையும் வந்துருச்சுங்க."

விசில் கூரையைப் பிளந்தது. பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மாத்தச்சன் நேராக என்னிடம் வந்தார். "தி எண்ட் ஆத்யம் வந்தது. ஞான் கண்டு." முடிவு முதலிலேயே வந்ததை அவர் பார்த்துவிட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் மரியபுஷ்பம் குறுக்கே வந்தாள். "சார், ஒரு பராதி."

முடிந்தது என்று நினைத்தேன்.

"படம் சின்னதாப் போச்சு. அந்த எருமைய இன்னுங் கொஞ்ச நேரம் காட்டச் சொல்லுங்க."

மாத்தச்சன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்த மாசமும் இதே படம். நேரே ஓட்டணும். அது கண்டிட்டு சாவிக் காரியம் பேசலாம்."

அடுத்த மாதம் லீடரை மூன்று தடவை படித்தேன். வரிசையாகத்தான் ஓட்டினேன். மூன்றாவது ரீலில் வேலியும் ரயிலும் வந்ததும் ஒரே கூச்சல். "ஏ ஆபரேட்டரு, ரீல மாத்திப் போட்டுட்டீரு!"

மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டேன். "இதுதானுங்க சரி. போன மாசம் நான் போட்டதுதான் தப்பு. தப்ப மறைக்கப் பொய்யும் சொன்னேன். அவங்க யாரும் திரும்பிப் போகலைங்க. மண்ணும் திரும்பக் கெடைக்கலை."

மரியபுஷ்பம் எழுந்தாள். "சரி, ஒம்ம பொய்ய ஒத்துக்கிட்டீரு. இன்னைக்கு மொதல்ல ஆளில்லாத நெலமுன்னு படிச்சீரே, அது?"

"குறிப்புல அப்படித்தானுங்க இருக்கு."

"ஆளில்லேன்னா, கூடாரத்துக்கு மேல பொகைஞ்சுதே, அது யாரு வீட்டு அடுப்பு?"

அந்த ஒரு மாதத்தில் அந்த ரீலை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன்! புகை என் கண்ணில் படவே இல்லை. குறிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்தேன். மிச்சத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை.

வெளியே வரும்போது மாத்தச்சன் சொன்னது இரண்டே வார்த்தை: "சாவி வச்சோ." நீயே வைத்துக்கொள் என்று அர்த்தம்.

அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன். இன்றைக்கு மெஷின் தொடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டுவதற்கு முன்னால் லீடரைப் படி. தப்புப் பண்ணினால் அப்போதே சொல். டப்பாவில் எழுதியவனும் சரி, குறிப்பு எழுதியவனும் சரி, எவனையும் நம்பாதே. பிலிமைப் பார். புகை தெரிந்தால் அங்கே ஆள் இருக்கிறான்.