களி மெல்லாத வீடு

வேங்கிக்காலில் எங்கள் ஆபீசிலேயே இரண்டு பேரிடம்தான் செல்போன் இருந்த காலம். அக்கா புருஷனுக்கு உணவுக்குழாயின் அடிப்பக்கம் புற்றுநோய் வளர்ந்து அடைத்துக்கொண்டது. மாமா அடி அண்ணாமலையில் மணிலாக் கடலை பயிரிடுகிறவர். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் டம்ளரில் துப்பிக்கொண்டிருந்தார்.

வேலூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பை விலக்கிப் பிடிக்கும் கம்பிவலைக் குழாய் அது. "இது நோயைக் குணமாக்காதுங்க. இருக்கிற வரைக்கும் வாயால சாப்பிடலாம்," என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். "அது போதுங்க," என்றார் மாமா.

மெத்தென்று இருப்பதை நன்றாக மென்று சாப்பிடச் சொன்னார்கள். அக்காவிடம் நான்தான் சொன்னேன். மறுநாளே அவள் கேழ்வரகுக் களி கிண்டிவிட்டாள். களியைவிட மெத்தென்றது எது? மாமா உருண்டையைக் குழம்பில் புரட்டி, ஐம்பது வருஷப் பழக்கத்தில் அப்படியே விழுங்கினார். களியை மெல்லுகிறவனை எங்கள் பக்கம் கேலி செய்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது உருண்டை உள்ளே நின்றுவிட்டது. தண்ணீரும் திரும்பி வந்தது.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோ நகரவில்லை. படித்தவள் என்று பேர்தான் என என்மேலேயே எனக்கு ஆத்திரம். வேலூரில் டாக்டர் டியூபை விட்டு அடைப்பை எடுத்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். "களி நல்ல சாப்பாடுதாங்க. கூழாக் கரைச்சுக் குடிங்க," என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதன்பின் அக்கா தினமும் களியை மோர் விட்டுக் கரைத்து, வடிகட்டிக் கொடுத்தாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு சொம்பை அரைமணி நேரம் குடிப்பார். அவர் முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கமாட்டாள். "களி சாப்பிடணும்னு இருக்குதா மாமா?" என்று ஒருநாள் புத்தியில்லாமல் கேட்டுவிட்டேன். "உள்ள எறங்குதே, அதுவே ஜாஸ்தி," என்றார். இப்படி ஒரு மனுஷரை நான் பார்த்ததில்லை. தலைவலிக்கே ஊரைக் கூட்டுகிறவள் நான்.

ஐந்து மாதம் இருந்தார். கடைசி நாள் காலையிலும் அரைச் சொம்பு இறங்கியது.

காரியத்தன்று படையலுக்கு, தினமும் பார்த்த பழக்கதோஷத்தில் நான் களியைக் கரைக்க உட்கார்ந்தேன். அக்கா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு எதுக்குடி கரைக்கணும்," என்றாள். கையை நனைத்து, களியைப் பெரிய உருண்டையாக உருட்டி, முழுசாக இலையில் வைத்தாள்.