வெள்ளைப் பீங்கானுக்கு அப்பா பேசிய பேரம்

எங்கள் குடும்பத்தில் பேரம் பேசுவதென்றால் அது அத்தைதான், அப்பாவின் அக்கா. ஈப்போ கடைத்தெருவில் அத்தை ஒரு சாமானுக்கு விலை கேட்டால், சொந்தத்தில் யாரோ ஒருவர் படுத்த படுக்கையாகப் போகிறார் என்று பொருள். பாவாடைத் துணிக்கு மாமாவின் காலை உடைத்தாள். இரும்புக் கட்டில் வாங்கியபோது, கல்லுக்குண்டு மாதிரி இருந்த தன் மாமியாரைக் கருமாதி வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். கடைக்காரர்கள் நம்பினார்களோ இல்லையோ, ஆளை விட்டால் போதும் என்று குறைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அழுது நடித்துக் காட்டுவாள். எல்லோரையும்விட அதிகம் சிரிப்பது அம்மாதான்.

அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் துளியும் கிடையாது. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, கடைக்காரருக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வருகிற மனிதர். அப்பாவும் அம்மாவும் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு பலகை வீட்டுக்கு வந்திருந்தோம். அப்பா சுண்ணாம்பு மலையில் கல் உடைக்கப் போனார். அம்மா பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், வயிற்று வலி வந்து படுக்கும் வரை.

ஈப்போ பெரியாஸ்பத்திரியில் அம்மாவை வெளியே பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெகு நேரம் கழித்து வெளியே வந்த அப்பா, வயிற்றுப் புண்தான், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் என்றார். அத்தையிடமும் அதையேதான் சொன்னார். எல்லோரும் நம்பினோம். அப்பாவுக்குத்தான் பொய் வராதே.

ஆனால் அம்மாவால் குந்தி உட்கார முடியாமல் போயிற்று. எங்கள் கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், வாழைகளைத் தாண்டி நின்ற ஒரு தகரக் கூண்டு. அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவார், குந்தவைத்துப் பிடித்துக்கொள்வார். போகும்போதும் வரும்போதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் வாசல் பக்கம் போய்விடுவேன். ஒருநாள் அப்பா, வீட்டோடு ஒட்டினாற்போல உட்கார்ந்து போகிற கக்கூஸ் ஒன்று கட்டப் போகிறேன் என்றார். அப்படி ஒன்று தொரை பங்களாவில் மட்டும்தான் இருந்ததாகக் கேள்வி. எங்களுக்கு வந்த யோகத்தைப் பார் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

"நீ தனியாப் போனா போட்டிருக்கற சட்டையயும் கழட்டிக் குடுத்துட்டு வந்துருவ. புள்ளயக் கூட்டிட்டுப் போ. மொகத்த சோகமா வச்சிக்க. எதயாச்சும் சொல்லு. ஒத்து வரலன்னா வெளிய நட, அவனே கூப்புடுவான்லா" என்று அத்தை பாடம் நடத்தினாள். அப்பா தலையை ஆட்டினார்.

ஈப்போவில் அது ஒரு சீனருடைய சாமான் கடை. வாசலிலேயே வெள்ளைப் பீங்கான்கள் வரிசையாக நின்றன. பீங்கான், மேலே மாட்டுகிற தண்ணீர்த் தொட்டி, குழாய், குழிக்குள் இறக்குகிற சிமெண்டு வளையங்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துக் கடை முதலாளி தவுக்கே ஒரு விலை சொன்னார். அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். "கொஞ்சம் கொறச்சிக் குடு தவுக்கே" என்று அப்பா மலாயில் கேட்டார். தவுக்கே நிமிராமலே முடியாது என்றார். அப்பா இன்னொரு தடவை கேட்டார். அதற்கும் அதே பதில்தான்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் இரண்டு தூண் தாண்டினோம். யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது தூணில் நின்று பார்த்தோம். தவுக்கே வேறு ஆளுக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அப்பா தானாகவே திரும்பி உள்ளே போனார். எனக்கு மானமே போயிற்று.

ஆணி வாங்கியவர் போகும் வரை அப்பா காத்திருந்தார். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மெதுவாக, "பினி சாயா மாவ் மாத்தி லா, தவுக்கே" என்றார். என் பொண்டாட்டி சாகப் போகிறாள் என்று அர்த்தம். வயிற்றில் கட்டி, தீபாவளி வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதுவரைக்குமாவது அவள் வெட்கப்படாமல் போய்வர வேண்டும் என்று திக்கித் திக்கிச் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தைக்குக் கூட நிஜக் கண்ணீர் வந்ததில்லை. தவுக்கே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டேன். அவர் பென்சிலால் பழைய விலையை அடித்துவிட்டு வேறு எழுதினார். உட்காரும் மூடியையும் சும்மாவே கொடுத்து, மறுநாளே லாரியில் அனுப்புவதாகச் சொன்னார்.

பஸ்ஸில் அப்பா சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "அம்மாகிட்ட..." என்று ஒருமுறை ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து, "வெல எவ்வளவுன்னு அம்மாகிட்ட சொல்லாத" என்றார். நான் சத்தியம் செய்தேன்.

அப்பா குழி வெட்ட ஆள் பார்க்கப் போனதும் நான் அம்மாவிடம் ஓடினேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். விலையைச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் நடித்துக் காட்டினேன். தூண்கள் வரை நடந்தது, திரும்பி வந்தது, மேசையில் கை ஊன்றியது. அதுவரை அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்பாவின் குரலிலேயே அந்த வரியையும் சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"தீபாவளி வரைக்கும்னா சொன்னாரு?"

"ஆமாம்மா! கண்ணுல தண்ணியெல்லாம் வந்துச்சு. தவுக்கே அப்படியே நம்பிட்டாரு."

அம்மா மறுபடி சிரித்தாள், இந்தத் தடவை சத்தம் வரவில்லை. "உங்கப்பா கெட்டிக்காரர்தான். நீ எங்கிட்ட சொன்னத அவருகிட்ட சொல்லாத. பாவம், முத முறையா ஏமாத்திட்டு வந்துருக்காரு" என்றாள். கிள்ளிய நெத்திலித் தலைகளைத் திரும்ப நெத்திலியோடு போட்டுக் கலந்துகொண்டிருந்தாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு நான் அந்தத் தலைகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா வந்ததும், "கொறச்சானா?" என்று மட்டும் கேட்டாள். "கொறச்சாரு" என்றார் அப்பா. "நல்லதாப் போச்சு" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் புண் எப்போது ஆறும், ஆறியதும் எந்தக் கோயிலுக்குப் போகலாம் என்றெல்லாம் பேசுவார்கள். அந்தப் பேச்சை நான் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தீபாவளிக்கு முன்பே அம்மா போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவே அப்பா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்று அழுதார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து நான் பேசாமல் இருந்தேன். அப்பா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொள்ள வந்தார். கையைத் தட்டிவிட்டேன். விலை குறைய வேண்டும் என்பதற்காக அம்மாவைப் பற்றி அப்படியொரு வார்த்தை சொல்லலாமா, சொன்னதால்தானே நடந்துவிட்டது என்று அவர் மேல் எனக்கு அடங்காத ஆத்திரம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ரொம்ப வருஷம் அவர் பக்கத்தில் உட்காராமலே வளர்ந்தேன்.