சைலன்சர் போன ஜீப்பும் அஞ்சலையின் துப்பாக்கியும்

போலீஸ் வேலை என்றால் திருடனைத் துரத்துவது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் என் சர்வீஸில் பாதியை ‘இவர் நல்லவர்தான்’ என்று எழுதிக் கொடுத்தே ஓட்டிவிட்டேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் வெளியே காத்துக் கிடந்தீர்கள், நான் உள்ளே காத்துக் கிடந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பன்றிக்கு லீவு கிடையாது

விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் நான் ஏட்டு. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மா வந்தார். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். பயிர்க் காவலுக்கு அவர் லைசென்ஸோடு வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி எங்கள் ஸ்டேஷன் பீரோவில் இருந்தது. லைசென்ஸ்காரர் போய்விட்டால் துப்பாக்கி எங்களிடம் வந்துவிடும். அதைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லி அந்த அம்மா மனுப் போட, மேலே இருந்து விசாரணைக்கு எங்களிடம் வந்தது. வழக்கு உண்டா, அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை உண்டா, எங்கே வைத்துப் பூட்டுவார் எல்லாம் பார்த்து எழுத வேண்டும்.

அவர் கொல்லையில், அதாவது புஞ்சை நிலத்தில், மக்காச்சோளம் நின்றது. போன வருஷம் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில் காட்டுப்பன்றி புகுந்து மொத்தத்தையும் சாய்த்துவிட்டது. இந்த வருஷமும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூலிக்குத்தான் போகணும் என்றார். பன்றியைச் சுடப்போவதில்லை, வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அது போதுமாம். “விசாரிச்சுதான் எழுதணும்மா, கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

“கதிரு முத்துறதுக்குள்ள முடிச்சுக் குடுங்க ஏட்டையா. நீங்க லீவு போடுவீங்க, பன்னி லீவு போடாதுங்க.”

பக்கத்து வீட்டுக்காரர்

பக்கத்து வீட்டு வேலாயுதத்திடம் வாக்குமூலம் வாங்க மத்தியானம் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. மனுஷன் டவுனில் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. பொழுது சாயத்தான் பஸ்ஸில் வந்து இறங்குவார். சரி என்று சாயங்காலம் போக ஆரம்பித்தேன். எனக்கு வாய்த்தது ஸ்டேஷன் ஜீப்பு, அதற்கு சைலன்சர் போய் ரொம்ப நாளாச்சு. டிரைவர் ஆரோக்கியம் ஸ்டார்ட் பண்ணினால் ஊரே எழுந்து உட்காரும். ஒரு நாள் வேலாயுதத்துக்கு ஓவர்டைம், ஒரு நாள் மச்சினி வீட்டுக் காதுகுத்து. நான் மட்டும் சளைக்காமல் போய்ப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் அஞ்சலையின் கொல்லை ஓரமாக வண்டியைத் திருப்பி, வேலாயுதம் வரும்வரை ஆரோக்கியம் இன்ஜினை அணைக்காமல் நிற்பார். அணைத்தால் தள்ளணும், தள்ளுகிறது யார், நான்தான்.

கடைசியில் ஆள் சிக்கினார். அந்த அம்மாவைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். என்னய்யா யோசனை என்றேன்.

“நல்லவங்கதாங்க, இல்லைங்கல. ஆனா நாளைக்கு அவங்க ஆடு என் கொல்லையில மேஞ்சா, துப்பாக்கி இருக்குற வூட்டுல போயி நான் எப்புடிங்க சண்ட புடிக்கிறது?”

குழல் நம்பர்

துப்பாக்கியின் குழலில் உள்ள நம்பரைப் பார்த்து எழுதணும். அது துருவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. மண்ணெண்ணெயும் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷுமாக நான் தேய்க்க, ஒரு கான்ஸ்டபிள் டார்ச் அடிக்க, ரைட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ‘அது மூணா எட்டா’ என்று ஆராய்ச்சி பண்ண, காலை முழுக்கப் போய்விட்டது. பெஞ்சில் சேத்தியாத்தோப்புக்காரர் ஒருத்தர், எங்கள் எல்லையில் பைக்கைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ‘இதோ வந்துட்டேன்’ என்று அவரிடம் எத்தனை தடவை சொன்னேனோ. அவர் வண்டி பிறகு கிடைத்தது. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, அவர் மச்சான். அன்றைக்கு அவர் எழுந்து போகும்போது சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. சம்பளம் வாங்குகிறவனுக்குத் தைக்கத்தானே வேண்டும்.

“காணாமப் போன வண்டியத் தேட ஒரு ஆளு இல்ல. பீரோவுல பத்திரமா கெடக்குற துப்பாக்கியப் பாக்க மூணு பேரு. நல்லா இருக்குதுங்க.”

பூட்டு

வேலாயுதமும் ஒருவழியாகக் கையெழுத்துப் போட, அறிக்கை அனுப்பினேன், திரும்பி வந்தது. ‘வைக்கும் இடத்தின் பாதுகாப்பு குறித்துத் தெளிவாக எழுதவும்.’ மறுபடியும் ஜீப்பு, மறுபடியும் சாயங்காலம். அஞ்சலை ஸ்டீல் பீரோவைத் திறந்து காட்டினார். நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன், சாவியைத் திருப்பிப் பார்த்தேன், சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு லோட்டா மோரைக் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

“இதுல நகை இருந்த காலத்துல ஒருத்தரும் வந்து பூட்டப் பாக்கலைங்க.”

உத்தரவு

உத்தரவு வந்தபோது கதிர் முத்தி முடித்திருந்தது. கதிர் முத்துவதற்கு முந்தி என்று அவர் கேட்டிருந்தார், நம்மால் முடியவில்லை, போய் எந்த முகத்தோடு நிற்பது? வழி நெடுகக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஓடைப் பக்கம் பன்றி உழுது போட்டிருந்தது, சோளத்தட்டை பாயாகக் கிடந்தது.

அஞ்சலையின் கொல்லைக்கு வந்தால் பயிர் ஆள் உயரம் நிற்கிறது. ஒரு தட்டை சாயவில்லை. கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அந்த அம்மா அறுப்புக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது, சொந்தக் கொல்லை தப்பித்த மாதிரி இருந்தது. “எப்படிம்மா?” என்றேன். பன்றி வருகிற நேரமும் நாங்கள் வருகிற நேரமும் ஒன்றுதானாம். அந்த ஜீப்புச் சத்தத்துக்கு அதுங்க ஓடையைத் தாண்டவே இல்லையாம். நான் உத்தரவை நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தவர், என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“அறுப்பு முடியிற மட்டும் துப்பாக்கி அங்கயே இருக்கட்டும் ஏட்டையா. இன்னும் ஏதாவது சந்தேகம் இருக்குதுன்னு எழுதிட்டு, நீங்க பாட்டுக்கு ஜீப்ப எடுத்துக்கிட்டு வந்து விசாரிங்க.”

துப்பாக்கி இப்போது அஞ்சலையின் பேரில்தான் இருக்கிறது, அந்தக் கொல்லையைக் காவல் காத்த டீசல் செலவு மட்டும் வரி கட்டுகிற உங்கள் எல்லார் பேரிலும் இருக்கிறது.