ஆறாவது சுற்றில் வெடிக்கும் வண்டி

எனக்குப் பிடிக்காத ஒரு மனிதரின் வீட்டுக்கு ஒன்பது வருஷம், ஞாயிறு தவறாமல், ஏன் போனேன்? கல்லூரியில் சரித்திரம் கற்பிக்கிறவள் நான். காரணம் கேட்டே மாணவிகளை வதைத்திருக்கிறேன். என் விஷயத்தில் ஒரு காரணமும் தேறவில்லை.

ஞானப்பிரகாசம் இறந்த செய்தி வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. கொண்டு வந்தவர் ஆரோக்கியம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. சைக்கிளை விட்டு இறங்காமல், “சார் பூட்டாரு, டீச்சரம்மா” என்றார். காலையில், தான் மேற்பார்வை பார்க்கும் துறைமுகக் கிடங்கில், நாற்காலியை விட்டு எழுந்தவர் மறுபடி அதிலேயே சாய்ந்தாராம், அவ்வளவுதான். அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பியவர், ஒரு காலை ஊன்றி நின்று, “வண்டி அங்கியே கீது” என்றார்.

துக்கம் சொல்ல வந்த இடத்தில் பேசுகிற பேச்சல்ல. ஆனால் எனக்கு அது தவறாகப் படவில்லை. அந்த வாரம் முழுக்க என் தலையிலும் அந்த வண்டிதான் நின்றுகொண்டிருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிற உங்களுக்குப் படித்துக் காட்ட, அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி பொன்னுசாமி அண்ணாச்சி கேட்டார். நாலு நாள் யோசித்தேன். நாலு வார்த்தை சேரவில்லை. நடந்ததை எழுதித் தருகிறேன். நல்லது ஏதாவது இருந்தால் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்த மேசை தெரியும். மேசை என்பது மரியாதைச் சொல். அது அவர் வீட்டுச் சமையலறைக் கதவு. யுத்தம் முடிந்த மறு வருஷம் அதைக் கீலிலிருந்து கழற்றி, முன்கூடத்தில் இரண்டு காலிப் பீப்பாய்களின்மேல் கிடத்தினார். சணல் சாக்கை மடித்து மலை செய்தார். பழைய நீலத் துணி ஏரியானது. அதன்மேல் முந்நூறு ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, ஞாயிறுதோறும் வந்தவாசிச் சண்டையை நடத்தினார். வேறு சண்டை கிடையாது. ஒன்பது வருஷமும் வந்தவாசிதான். இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் மோதி, இங்கிலீஷ்காரர் ஜெயித்த அதே சண்டை. இங்கிலீஷ் பக்கம் அவர். பிரெஞ்சுப் பக்கம் ஆரோக்கியம். பகடை உருட்டி எண்ணிக்கை சொல்வது, ராயபுரத்தில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. அளந்து தீர்ப்புச் சொல்லும் நடுவர் நான்.

அந்தப் பொம்மைகளை ஒரு துரை தனக்குப் பரிசாகக் கொடுத்தார் என்று அவர் உங்கள் எல்லாரிடமும் சொல்லியிருப்பார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது அந்தத் துரையும் ஓடினார். முதல் தடவை இந்தக் கதையை என்னிடம் சொன்னபோது, சமையலறையிலிருந்து அவர் மனைவி லூர்தம்மாளின் குரல் வந்தது: “குடுக்கல. வுட்டுட்டு ஓடுனாரு.” ஞானப்பிரகாசம் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. துரை விட்டுப்போன தொப்பியையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தின்போது கூடத்துக்குள்ளேயே அதைத் தலையில் வைத்துக்கொள்வார். விட்டுப்போன சிப்பாய்கள் எல்லாம் சிவப்புச் சட்டைக்காரர்கள். பாதிப் பேருக்குக் கப்பலுக்கு அடிக்கும் நீலச் சாயத்தைப் பூசிப் பிரெஞ்சுக்காரர்கள் ஆக்கியது ஆரோக்கியம்.

என்னை அவர் தேடி வந்ததும் பொம்மைக்காகத்தான். நான் எம்.ஏ. படித்தவள் என்று கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து நின்று, வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களின் இடது புறத்தில் எத்தனை பீரங்கி என்று கேட்டார். புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடுகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றேன். “நல்லது. அப்படியானால் நான் சொல்வதுதான்” என்றார். இப்படி ஒரு முட்டாள்தனத்தை இவ்வளவு நிம்மதியோடு சொன்ன வேறு ஒருவரை நான் சந்தித்ததில்லை. அடுத்த ஞாயிறு போனேன்.

விதிகளை எழுதியது அவர். ஒரு நீல அட்டை நோட்டில், முத்து முத்தான கையெழுத்தில். ஆட்டம் தொடங்குமுன் நின்றுகொண்டு, முதல் விதியிலிருந்து கடைசி விதிவரை உரக்கப் படிப்பார். அப்படிப் படித்தால்தான் விதி செல்லும் என்பது முதல் விதி. கால் மணி நேரம் ஆகும். இருபதாம் விதிக்குப் பிறகு தொண்டையைச் செருமுவார். நாங்கள் வெயிலில் வாடிய கத்தரிக்காய் மாதிரி நின்றுகொண்டிருப்போம்.

முதலில் பன்னிரண்டு விதிகள் இருந்தன. ஒவ்வொரு தடவை அவர் தோற்கப் பார்க்கும்போதும் ஒன்று கூடியது. ஒருமுறை ஆரோக்கியம் தன் குதிரைகளை ஏரி வழியாகச் சுற்றிக்கொண்டுபோய் இங்கிலீஷ் படையின் முதுகில் இறக்கினார். வெளிச்சம் போதவில்லை என்று அன்று ஆட்டத்தை நிறுத்தினார் ஞானப்பிரகாசம். அடுத்த ஞாயிறு ஏரியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. அதற்கு ஒரு விதி, இருபத்தேழாவது. “தோற்கிறவன்தான் விதியைக் குறை சொல்வான்” என்பது அவர் வாக்கு. அவர் குறை சொன்னதே இல்லை. மாற்றிவிடுவார்.

சிப்பாய் விதி உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பகடையில் ஒன்று விழுந்தால் வெள்ளைக்காரன் ஓடுவான். நம் ஊர்ச் சிப்பாய் ஒன்று, இரண்டு, மூன்று எது விழுந்தாலும் ஓடுவான். “இன்னா சார், நம்ம ஆளுங்கோ மட்டும் ஓடிக்கினே இருக்கணுமா?” என்று ஆரோக்கியம் கேட்டார். நடுவரைக் கேள் என்றார் அவர். சிப்பாய்கள் அன்று பெரும்பாலும் ஒதுங்கி நின்றதாகத்தான் புத்தகங்களில் இருக்கிறது என்று நான் சொன்னேன். அது உண்மை. ஒதுங்கி நிற்பதும் ஓடுவதும் ஒன்றல்ல என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை. அவர் வீடு, அவர் காப்பி.

சுதந்திரம் வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று அண்ணாச்சி சட்டையில் காகிதக் கொடி குத்திக்கொண்டு வந்து, இன்றைக்காவது சார்வாள் பக்கம் மாறக்கூடாதா என்றார். ஞானப்பிரகாசம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “சரித்திரம் கட்சி மாறாது” என்றார். துரைமார் கப்பல் ஏறிய பிறகும் எட்டு வருஷம் அவர் இங்கிலீஷ்காரராகவே இருந்தார்.

இனி, வண்டி. வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துப் பலர் செத்தார்கள். இது நடந்தது. அவர் இதைப் பதினேழாம் விதி ஆக்கினார்: ஆறாவது சுற்று தொடங்கியதும் பிரெஞ்சு வண்டி வெடிக்கும், அதற்கு நாலு அங்குலத்துக்குள் நிற்பவை எல்லாம் மேசையை விட்டுப் போகும். யார் எப்படி ஆடினாலும் வெடிக்கும். வண்டியைத் தூரத் தள்ளி வைத்தால் பிரெஞ்சுப் பீரங்கிகள் சுடாது, அது பதினெட்டு. ஆக, ஆரோக்கியம் தன் ஆட்களை இழக்கலாம், அல்லது பீரங்கிகளை இழக்கலாம். ஒன்பது வருஷம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்துகொண்டிருந்தார். வாரம் ஆறு நாள் கிடங்கில் ஞானப்பிரகாசத்துக்குக் கீழே வேலை செய்கிற மனிதர். ஏழாவது நாளும் அவரிடம் தோற்றார். ஒரே ஒரு தடவை நியாயமாக ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அந்த மேசையில் வேறு ஆசை கிடையாது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஞானப்பிரகாசத்துக்கு நன்றாகவே தெரியும்.

அவர் இறப்பதற்கு முந்தின ஞாயிறு, முதல் சுற்றிலேயே ஆரோக்கியம் வண்டியை முன்னால் ஓட்டினார். அவருடைய பீரங்கிகள் ஓய்ந்தன. ஞானப்பிரகாசம் சிரித்தார். சக்கரம் உள்ளது எதுவும் ஒரு சுற்றுக்கு ஆறு அங்குலம் போகலாம். நான் அடிக்கோலை வைத்து அளந்துகொண்டே வந்தேன். மூன்றாவது சுற்றில் வண்டி கரையோரமாகவே போய் ஏரியைத் தாண்டியது. ஞானப்பிரகாசத்தின் சிரிப்பு நின்றது. அதைச் சுடலாமா என்று தன் நோட்டையே புரட்டிப் பார்த்தார். வண்டியைச் சுட விதி இல்லை. தானே வெடிக்கப்போகிற வண்டியை எவன் சுடுவான் என்று அவர் எழுதாமல் விட்டிருந்தார். ஐந்தாவது சுற்றின் முடிவில் அந்த மாட்டுவண்டி இங்கிலீஷ் பீரங்கிகளுக்கு நடுவே போய் நின்றது.

“எங்க நின்னாலும் வெடிக்கும்னுதானே கீது, சார்? அப்போ அங்க நிக்கட்டும்” என்றார் ஆரோக்கியம். யுத்த காலத்தில் கப்பலிலிருந்து வெடிமருந்துப் பெட்டி இறக்கியவர் அவர். எப்போது வெடிக்கும் என்று தெரிந்தால் பயமில்லை, எங்கே இறக்குவது என்பதுதான் வேலை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஞானப்பிரகாசம் நோட்டை மூடினார். பிறகு, வெளிச்சம் போதவில்லை, ஆறாவது சுற்று அடுத்த ஞாயிறு என்றார். மே மாதம். மாலை நாலரை மணி. வெயில் கண்ணைக் குத்தியது.

வெள்ளிக்கிழமை அடக்கம். உடலைக் கூடத்தில் கிடத்த வேண்டும். கூடத்தில் வந்தவாசி நின்றது. கலைத்துவிடலாம் என்று உறவுக்காரர் ஒருவர் கையை நீட்டினார். ஆரோக்கியம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு பக்கம் கதவைத் தூக்கினார்கள். வாசலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு நாலு பேர் காத்திருக்க, உள்ளே இவர்கள் “உன் பக்கம் தாழ்த்து, அண்ணாச்சி... இன்னும்... நிறுத்து” என்று முந்நூறு பொம்மைகளைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றுகூடச் சாயவில்லை. நீங்களும் பார்த்தீர்கள். இதைவிட வெட்கக்கேடான ஒரு துக்க வீட்டை நான் கண்டதில்லை. நான் முன்னால் நடந்து நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டேன்.

ஞாயிறன்று நாங்கள் மூவரும் அங்கே போனோம். அண்ணாச்சி நீல நோட்டைத் திறந்தார். புதன்கிழமை தேதி போட்டு, அறுபத்திரண்டாம் விதி அதில் இருந்தது. இறப்பதற்கு முந்தின நாள், பேனாவில் மை நிரப்பி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்: “பிரெஞ்சு வெடிமருந்து வண்டி இருந்த இடத்தை விட்டு அசையாது. முன்பு அசைத்திருந்தாலும் செல்லாது.”

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “அவுக கடைசியா எழுதினதுல்லா. இதத் தள்ளிட்டு ஆடுனா மனசு கேக்குமா?” என்றார். வண்டியைப் பழைய இடத்தில் வைத்து, சார்வாளே ஜெயித்ததாக முடித்துவிடலாம், அதுதான் மரியாதை என்றார். ஆரோக்கியம் வண்டியின் பக்கத்தில் போய் நின்றார். “அவுரு இன்னும் படிக்கலியே” என்றார். பிறகு, “டீச்சரம்மா சொல்லட்டும்” என்றார்.

பதில் எனக்குத் தெரியும். உரக்கப் படிக்காத விதி விதியல்ல. முதல் விதியே அதுதான். ஒரு நிமிஷ வேலை. ஆனால் இரண்டு எட்டுத் தள்ளி, கதவில்லாத சமையலறையில் லூர்தம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். நான், “நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். ஒன்பது வருஷம் ஞானப்பிரகாசத்தை நான் மனத்துக்குள் எத்தனை கேவலமாகப் பேசியிருக்கிறேன். அவராவது தோற்கப்போகிறபோதுதான் வெளிச்சம் போதவில்லை என்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த அடிக்கோல் ஒன்றுதான். முனையில் பித்தளை கட்டியது. மூன்றாம் அங்குலத்தில் ஒரு கீறல். வேறு ஒன்றும் உண்டென்றால், இது: வந்தவாசியைப் பற்றி என்னிடம் தானாக வந்து கேட்ட ஒரே மனிதர் அவர். பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு. சம்பளத்துக்காகக் கற்பிக்கிற நானும் மதிப்பெண்ணுக்காகக் கேட்கிற என் மாணவிகளும் இடது புறத்துப் பீரங்கிகளைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

மறுநாள் நடந்தது இது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மூவரும் பின்கட்டில் கூடினோம். ஆரோக்கியத்துக்கு இரண்டாம் ஷிப்ட். நான் வாயைத் திறக்குமுன் லூர்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விதி படிக்க ஞானப்பிரகாசம் நிற்கும் இடத்தில் நின்றார். “படிச்சாத்தானே ஆட்டம்?” என்றார். அண்ணாச்சி நோட்டை நீட்டினார். வாங்கவில்லை. முதல் விதியிலிருந்து மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஏரி, சிப்பாய், வண்டி, ஒன்றும் தவறவில்லை. இருபதாம் விதிக்குப் பிறகு சற்று நிறுத்தினார். கால் மணி நேரம் ஆனது. அறுபத்தொன்றைச் சொல்லி முடித்தார்.

அண்ணாச்சி கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். லூர்தம்மாள் அதைப் பார்க்கவில்லை.

“அறுவத்தொண்ணு வரைக்கும் அடுப்பாண்ட இருந்து கேட்டுக்கினே இருந்தேன்” என்றார். “அதுக்கு மேல நான் கேக்கல.”

அறுபத்தொன்றுதான் என்று நான் சொன்னேன். அடிக்கோலை வைத்து அளந்தேன். நாலு அங்குலத்துக்குள் ஐந்து பீரங்கிகள் இருந்தன; மூன்றே முக்கால் அங்குலத்தில் குதிரைமேல் இங்கிலீஷ் தளபதியும் இருந்தார். ஆரோக்கியம் ஒவ்வொன்றாக எடுத்துப் பிஸ்கோத்து டப்பாவில் படுக்க வைத்தார். தளபதியைக் கடைசியில் எடுத்தார்.

“சார் ஒத்துக்க மாட்டாரு, அக்கா” என்றார்.

“மாட்டாருதான்” என்றார் லூர்தம்மாள்.

தளபதி போன பக்கம் தோற்றது என்பதும் அவர் விதிதான். நோட்டில் ‘பிரெஞ்சு வெற்றி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொம்மைகள் எல்லாம் டப்பாவுக்குள் போனதும், ஆரோக்கியமும் அண்ணாச்சியும் கதவைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறைக் கீலில் மாட்டினார்கள். கீழ்க்கீல் துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட வேண்டியிருந்தது. லூர்தம்மாள் உள்ளே போய் ஒருமுறை சாத்திப் பார்த்தார். சற்று நேரம் திறக்கவில்லை. ஆரோக்கியம் வேலைக்குப் போனார்.