அவசரம் என்ற கட்டம்

தேயிலைப் பெட்டியின் பலகையை எத்தனை முறை துடைத்தாலும் மணம் போகாது. கொச்சி மட்டாஞ்சேரிக் கிடங்கொன்றில் அந்தப் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த என் அத்தா, உடைந்த பலகையில் கட்டம் போட்டுத் தாமே உண்டாக்கிய "கடவு" என்ற படகுத்துறை ஆட்டத்தை, எழுபதுகளின் கடைசியில் நாங்கள் அந்த மணத்தோடுதான் ஆடினோம். சோழி உருட்டி, படகை வல்லார்பாடம் தீவைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். நடுவில் ஒரு கட்டத்தில், படகு கரை தொடுமுன் குதித்துத் தண்ணீரில் விழுகிற ஆள். மேலே "அவசரம்" என்று எழுதியிருக்கும். அங்கே போனவர் ஒரு முறை சும்மா இருக்க வேண்டும். "பெரிய மூளதான்!" என்று கிண்டல் செய்யும் அம்மாவே சோறு ஆறுவது தெரியாமல் உருட்டுவாள்.

எறணாகுளத்துப் பொம்மைக் கடை முதலாளி ஒருவர், மலையாளத்தில் எழுதிக் கொண்டுவந்தால் பார்க்கிறேன், பிடித்தால் அச்சடித்து விற்கலாம் என்றார். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு இனி விளையாட்டுகளே செய்து வாழலாம் என்று அத்தா கனவு கண்டார். அவருக்கு மலையாளம் எழுதப் படிக்க வராது, பேச்சும் அரைகுறை. மலையாளப் பள்ளியில் ஐந்தாவது படித்த நான்தான் புதுப் பலகையில் எழுதினேன். எழுதும் மும்முரத்தில் "அவசரம்" என்பதை அப்படியே மலையாள எழுத்தில் போட்டுவிட்டேன். மலையாளத்தில் அதற்கு வாய்ப்பு என்று பொருள்.

அத்தாவும் நானும் கொண்டுபோய்க் கொடுத்ததும் முதலாளி வாசித்தார். "இதெந்தா, அவசரம் கிட்டியால் வெறுதே இரிக்கணோ?" வாய்ப்புக் கிடைத்தால் சும்மா உட்காருவதா என்று கேட்டவரோடு கடையே சிரித்தது. அத்தாவின் காதில் அது தமிழ் அவசரமாகவே விழுந்தது. "ஆமா முதலாளி, அதுதானே களியே!" என்றார் பெருமையாக, ஆட்டத்தை மலையாளத்தில் சொல்லி. இன்னும் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பலகை திரும்பி வந்தது.

திரும்பும் படகில் அத்தா ஒரே ஒரு தடவை கேட்டார்: "எதுக்குப் புள்ள சிரிச்சாங்க?"

"தெரியாது அத்தா."

எண்பதுகளில் இன்னும் மூன்று ஆட்டங்கள் செய்தார். எதிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை, எல்லாம் படம். எழுத்தில்லாமலே புரிகிறதே என்று வந்தவர்கள் மெச்சினார்கள். வெளியே கொண்டுபோய்க் காட்ட மட்டும் அவர் ஒப்பவே இல்லை. கடைசிவரை ஆணிதான் அடித்தார்.

அந்தக் கிடங்கு இன்று துணிக்கடை, வல்லார்பாடத்துக்குப் பாலம் வந்துவிட்டது, பலகைகளைக் கரையான் தின்றது, அத்தாவும் போய்விட்டார். ஆட்டம் நல்ல ஆட்டம்தான் அத்தா, தப்பு என் எழுத்தில்தான் என்று சொல்ல அரை நிமிடம் போதும். அவர் இருந்த அத்தனை வருடத்தில் அதற்கு நேரம் வாய்க்கவில்லை என்றால் பொய். திட்டியிருக்க மாட்டார். அது தெரிந்தும் சொல்லவில்லை.